அக்கா, அந்தக் கார்டை மூடிவிட்டேன்

அக்கா,

சென்ற திங்கட்கிழமை கிரெடிட் கார்டை மூடிவிட்டேன். இரண்டாவது கார்டைச் சொல்கிறேன். வைப்புத்தொகையை ஈடாக வைத்தால்தான் உனக்குக் கார்டு என்றார்களே, அது. மூடவேண்டும் என்று போன் செய்தால் அந்தப் பெண் லேசில் விடவில்லை. ஆண்டுக் கட்டணம் வேண்டாம், வரம்பை உயர்த்துகிறோம் என்று ஆசை காட்டினாள். பாக்கி ஒன்றுமில்லை, ஏழு வேலை நாட்களுக்குள் முடிக்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் நீங்கள்தான் எனக்குத் தரவேண்டும், ரிசர்வ் வங்கியின் 2022 விதி என்றேன். குரல் மாறிவிட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தொடங்கினாலே "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிடுவாய். என் முதல் கார்டுக் கடனை நீ அடைத்த 2009-இலிருந்து அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாய். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் அந்தக் கடனின் மொத்தத் தொகையை எழுதப்போவதில்லை. அத்தானுக்கு அப்போது எவ்வளவு தெரியும் என்று உன்னிடம் கேட்டதில்லை. இங்கேயும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் உனக்கு நான் சொன்னதே இல்லை. 2005-இல் வடபழனியில், பெட்ரோல் பங்க் வாசலில் குடைக்கு அடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையனிடம்தான் அந்த முதல் விண்ணப்பத்தை நிரப்பினேன். உறவினர் ஒருவரின் தொலைபேசி எண் கேட்டிருந்தார்கள். உன் வீட்டு எண் எனக்கு மனப்பாடம். இருந்தும் கோவில்பட்டிக் கிளையின் எண்ணை எழுதினேன். அக்கா வங்கியில் இருக்கிறாள் என்றால் மதிப்பாக இருக்கும் என்ற நினைப்பு. வசூல்காரர்கள் உன் கவுண்டருக்கே அழைத்தது அதனால்தான். எப்படியோ எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன். கண்டுபிடிக்கவில்லை, நான் கொடுத்தது.

மன்னித்துவிடு. இதற்காக மட்டும் கேட்கிறேன், மற்றவற்றுக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

அம்மாவைச் சேர்த்த அன்று ஞாயிற்றுக்கிழமை. முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்றார்கள். உன் வங்கி மூடியிருந்தது. ஏடிஎம்மில் ஒரு நாளில் எடுக்க முடிந்தது பாதிக்குக்கூடக் காணவில்லை. நீ பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். கார்டை இழுத்து, நீளச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. நீ வந்து சேர்ந்ததும் "எப்படிக் கட்டினாய்" என்று கேட்டாய். கார்டு என்றேன். "நல்லவேளை" என்றாய். நீ அந்தச் சொல்லைச் சொன்னாய், அக்கா. பிறகு யாரிடமும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆனால் எல்லாமே ஆஸ்பத்திரிச் செலவு என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தது பொய்தான். தொலைக்காட்சி இருந்தது, நண்பர்களோடு போன கோவா இருந்தது, இங்கே எழுத முடியாத இன்னொன்றும் இருந்தது. கேட்காமலே 20,000 ரூபாய் வரம்பை 60,000 ஆக்கினார்கள். அதைச் சம்பள உயர்வு போல எடுத்துக்கொண்டேன். மாதம் 5 சதவீதம் கட்டினால் போதும் என்று ரசீதில் இருந்தது. அறுபதாயிரத்துக்கு மூவாயிரம், அதில் வட்டியும் சேவை வரியுமாகவே இரண்டாயிரத்து நூறுக்கு மேல் போய்விடும். இரண்டு வட்டிக்குக்கூட வெளியில் வாங்கக் கூடாது என்று கிணற்று மோட்டாரையே பழுது பார்க்காமல் போட்டு வைத்திருந்தவர் அப்பா. அவர் பிள்ளை மூன்றேகால் வட்டி கட்டினேன். பிளாஸ்டிக்கில் வந்ததால் அது வட்டிக்கடை என்று உறைக்கவில்லை.

நீ வேலையில் சேர்ந்த 1990-இல் பித்தளை டோக்கனை உள்ளங்கையில் மூடிக்கொண்டு உங்கள் கிளை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பேரேட்டைப் புரட்டி, கையெழுத்தை ஒத்துப் பார்த்து, கேஷியர் எண்ணைக் கூப்பிட அரை மணி நேரமாகும். பணம் எடுப்பது அவ்வளவு பாடாக இருந்ததால்தான் அப்பா செலவாளியாகவில்லை என்று ஒரு காலத்தில் வாதாடுவேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

அதே பெஞ்சில்தான் 2009-லும் உட்கார்ந்திருந்தேன். நீ கவுண்டரை விட்டு எழுந்து, இந்தப் பக்கம் வந்து, வரிசையில் நின்று, உன் இரட்டை வடச் சங்கிலியை அப்ரைசரிடம் கொடுத்தாய். உன்னை எப்போதும் "மேடம்" என்பவர் அன்று எதுவும் சொல்லி அழைக்கவில்லை. உரைகல்லில் இழுத்தார், அமிலம் ஒரு சொட்டு விட்டார், எடை போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, பயிர்க் கடன் என்று போட்டுவிடலாமே, 7 சதவீதம்தானே என்றார். ஊரில் பாதிப் பேர் சிட்டா அடங்கல் என்ற நில ஆவணங்களை இரவல் வாங்கியாவது அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். நமக்கோ அப்பா பேரில் ஒன்றரை ஏக்கர் கரிசல் நிஜமாகவே கிடந்தது. "பயிர் வைக்கவில்லையே சார்" என்றாய். விண்ணப்பத்தில் கடனின் நோக்கம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்தாய். நான் எதிர்ச்சுவரில் இருந்த வட்டி விகிதப் பலகையை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். "குடும்பச் செலவு" என்று எழுதினாய்.

சங்கிலியை உறையில் போட்டு ஒட்டி, சீட்டுக் கட்டி, பெட்டக அறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த அறையின் இரண்டு சாவிகளில் ஒன்று அந்த மாதம் உன்னிடம் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதத்தில் பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தாய். ஒரு வார்த்தை திட்டவில்லை.

திட்டியிருக்கலாம். அடுத்த வருடம் மருமகளின் மஞ்சள் நீராட்டில், தாய்மாமன் நான் கொண்டு வந்த ஒரு பட்டுப் பாவாடையும் ஒரு கிராம் காசும் இருந்த தாம்பாளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தவணையில் டிவி வாங்குவது பற்றிக் கேட்டவரிடம், "எப்படி வாங்கக் கூடாது என்று இவனைக் கேளுங்கள்" என்றாய். பந்தல் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். தனியாக இருக்கும்போது சொல்லாததை இருநூறு பேர் முன்னால் சொல்லத் தோன்றியிருக்கிறது உனக்கு.

அந்த மருமகள் இப்போது பெங்களூரில் 15 ரூபாய் டீக்குக்கூட ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து ஸ்கேன் செய்கிறாள். மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறாள், பாயிண்டில் விமான டிக்கெட் எடுக்கிறாள். கெட்டிக்காரி என்று எல்லோரிடமும் சொல்கிறாய். கெட்டிக்காரிதான். அவள் செய்தால் சாமர்த்தியம், நான் செய்தால் ஊதாரித்தனம் என்று எழுத வந்தேன். அவளுக்கு வட்டியில்லாத நாட்களைக் கணக்கிடச் சொல்லிக் கொடுத்தது நீ என்று நினைவுக்கு வந்ததும் கோபம் திசை மாறிவிட்டது. எனக்கு ஏன் சொல்லித் தரவில்லை? நானும் கேட்கவில்லை, சரி.

2016 நவம்பரில் விரலில் மை வைத்து வைத்து உன் கை முழுக்கக் கறையாகி, இரவு பத்து மணிக்குக் கால் வீங்கி வீட்டுக்குப் போன நாட்களில், தினமும் உன்னைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு முறைதான் கூப்பிட்டேன். எப்போது கூப்பிட்டாலும் கடன்காரன் கூப்பிடுவது போல எனக்கே இருக்கும்.

சங்கிலியை மீட்க நீ கட்டிய வட்டியை நானே கணக்குப் போட்டு இன்று காலை உன் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். அசலை ஒரு வழியாக வாங்கிக்கொண்டாய், வட்டியை மட்டும் வாங்க மறுத்துவிட்டாயே, அது. குறுஞ்செய்தியைப் பார்க்காவிட்டாலும், மாதக் கடைசியில் அந்த இயந்திரத்தில் பாஸ்புக்கைச் செருகும்போது தெரியத்தான் போகிறது. அனுப்பும்போது எதற்காக என்று எழுத ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காலியாகவே விட்டுவிட்டேன்.

திருப்பி அனுப்பாதே, அக்கா.

தம்பி