பிழை தேடும் கருவி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களே, அவர்களுடைய கட்டுரைகளை மதிப்பிடும் மாநாட்டுக் குழுவினரே,

வணக்கம். டரண்டுலா, ஒச்சியாய், டிஸ்டார் போன்ற சூத்திரங்கள் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: நிரலைச் சோதிக்கும் டெஸ்டுகளில், தோற்றவை எத்தனையில், தேறியவை எத்தனையில் ஒவ்வொரு வரியும் ஓடியது என்று எண்ணி, பிழை அங்கே இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு மதிப்பெண் போடும். அவை தரும் சந்தேகப் பட்டியலை வாசித்துப் பிழையைத் திருத்த வேண்டியவன் நான்.

சென்ற வாரம் ஒரு டெஸ்ட் தோற்றது. கருவியை ஓட்டினோம். பட்டியலில் முதலிடம் பிடித்தது, பிழைச் செய்தியை லாகில் (நிரலின் பதிவேட்டில்) எழுதும் வரி. தோற்கும்போது மட்டுமே ஓடுகிற வரிக்கு முழு மதிப்பெண் கிடைக்காமல் என்ன செய்யும்? திருட்டுப் போனதென்று புகார் கொடுக்க வந்தவரையே பிடித்து உள்ளே வைத்த கதைதான். சரி, அடுத்ததைப் பார்க்கலாம் என்றால், ஒரே மதிப்பெண்ணோடு ஒரு கூட்டமே நிற்கிறது. 'இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது' என்று நடுவே கிளை பிரியாத தொகுதியில் எல்லா வரிகளும் சேர்ந்தேதானே ஓடும். ஒவ்வொன்றாகப் படித்தோம். கடைசியில் பார்த்தால், பிழை அந்த வரிகள் எதிலும் இல்லை. மதிப்பு காலியாக வந்தால் என்ன செய்வது என்ற நிபந்தனையை யாரும் எழுதவே இல்லை. எழுதாத வரிக்கு எந்தச் சூத்திரம் மதிப்பெண் போடும்?

அந்த வரம்பைக்கூட நான் குறை சொல்லவில்லை. வரி எண்ணும் பக்கத்தில் ஒரு தசமமும் தருகிறீர்களே, ஏன் சந்தேகம் என்று ஒரு வாக்கியம் உண்டா? எந்த டெஸ்டில், எந்த மாறியில், எந்த மதிப்பு வந்ததால் என்று சொன்னால் போதும். காரணத்தைக் கொடுங்கள். இதுதான் என் கோரிக்கை.

இது புதிய கோரிக்கையும் இல்லை. 2011இலேயே பார்னின், ஓர்சோ என்ற ஆய்வாளர்கள் நிரலாளர்களை இப்படிப்பட்ட கருவியோடு உட்காரவைத்துப் பார்த்தார்கள். பட்டியலை யாரும் வரிசையாகப் படிப்பதில்லை. தவறான வரியைக் கண்ணால் பார்த்துவிட்டால் மட்டும் பிழை புரிந்துவிடுவதும் இல்லை. நிரலில் எத்தனை சதவீதம் பார்க்க வேண்டும் என்ற கணக்கை விட்டுவிட்டு, பிழையுள்ள வரி பட்டியலில் எத்தனையாவது இடம் என்று சொல்லுங்கள் என்றும் கேட்டார்கள். 'ஒரு சதவீத நிரலைப் பார்த்தாலே போதும்' என்ற பெருமை உங்கள் கட்டுரைகளில் இன்னும் போகவில்லை. ஒரு லட்சம் வரியில் அது ஆயிரம் வரி. நீங்களே ஒருநாள் படித்துப் பாருங்களேன்.

அப்புறம், செயற்கையாக நுழைத்த பிழைகளில் வென்ற சூத்திரம் நிஜப் பிழைகளில் அப்படி வெல்வதில்லை என்று 2017இல் உங்கள் துறையினரே காட்டிவிட்டார்கள். சூத்திரங்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. ஒச்சியாய் சூத்திரம் 1957இல் மீன் இனங்களின் பரவலை ஆராய எழுதப்பட்டதாம். அடுத்தது பறவைகளிடமிருந்து வரும் என்று காத்திருக்கிறோம். இதற்கிடையே எங்கள் மேலாளர் கேட்கிறார்: "அதான் கருவி இருக்கே, இன்னும் ஏன் நேரமாகுது?" அவருக்கு யார் பதில் சொல்வது?

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: ஆய்வாளர்கள் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் காரணத்தைச் சேர்த்துத் தர வேண்டும். குழுவினர் அடுத்த கட்டுரையை ஏற்கும் முன், அந்தக் கருவியை வைத்து ஒரு நிரலாளராவது ஒரு நிஜப் பிழையைத் திருத்தினாரா என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய நிரல்களைப் பராமரிக்கும் ஒருவன்