லா லிகாவுக்கு ஒரு திறந்த மடல்: அந்த 15 விநாடியை எங்களுக்கு ஏன் காட்டவில்லை?

ஸ்பெயின் கால்பந்து லீக்கான லா லிகாவின் தலைவர் ஹவியேர் தெபாஸ் அவர்களுக்கும், முதல் டிவிஷன் கழகங்கள் இருபதின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் லீக்கை இருபது வருடமாகப் பார்த்து வருகிறவன். ஸ்பெயினில் சனிக்கிழமை இரவு 9 மணி ஆட்டம் தொடங்கும்போது எங்களுக்கு ஞாயிறு பிறந்து அரை மணி ஆகியிருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு நீங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்ததும் அது 1.30 ஆகிவிடும். மார்ச் வரைக்கும் அப்படித்தான். டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, கோல் விழுந்தாலும் கத்தாமல் பார்க்கப் பழகியவன் நான். மேடைகளில் நீங்கள் ‘உலக ரசிகர்கள்’ என்று சொல்கிறீர்களே, அது என்னைப் போன்றவர்களைத்தான். எங்கள் பெயரைச் சொல்லி 2025-26 சீசனில் நீங்கள் ஒரு காரியம் செய்யப் போனீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் இங்கே இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2025 டிசம்பர் 20 அன்று ஸ்பெயினின் வியாரெயால் ஊரில் நடக்க வேண்டிய வியாரெயால் - பார்சிலோனா ஆட்டத்தை அமெரிக்காவின் மியாமி நகரத்து ஹார்ட் ராக் மைதானத்தில் வைப்பதாக ஏற்பாடு. ஐரோப்பாவின் முதல்தர லீக் ஆட்டம் ஒன்று இன்னொரு கண்டத்துக்குப் போவது அதுவரை நடந்ததில்லை. அக்டோபர் 6 அன்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ, மனமில்லாமல் சம்மதிக்கிறோம், இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லி அனுமதி கொடுத்தது. பெண்ணைக் கொடுத்துவிட்டு, இந்தக் கல்யாணத்தில் எங்களுக்கு இஷ்டமில்லை என்று பந்தலிலேயே சொல்கிற மாமனார் மாதிரி.

அப்புறம் வந்தது அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. ஒவியேதோவின் கார்லோஸ் தார்த்தியேரே மைதானம். ஒவியேதோவும் எஸ்பான்யோலும் மோதுகின்றன. 24 வருடம் கழித்து முதல் டிவிஷனுக்குத் திரும்பிய ஊர் அது. ஸ்பெயின் தேசிய அணியின் முன்னாள் வீரர் சாந்தி கசோர்லா 40 வயதில் தன் சொந்த ஊர் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். நடுவர் விசில் ஊதினார். இரண்டு அணி வீரர்களும் அசையாமல் நின்றார்கள், 15 விநாடி. மியாமி ஏற்பாட்டில் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று ஸ்பானிய வீரர்கள் சங்கம் முடிவெடுத்து நடத்திய எதிர்ப்பு அது.

நாங்கள் அதைப் பார்க்கவில்லை. விசில் ஊதியதும் திரையில் வந்தது மைதானத்தின் வெளிப்புறம்தான். கட்டிடம் நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டம் தொடங்கிய நேரத்தில் கட்டிடத்தை எதற்குக் காட்டுகிறார்கள் என்று புரியாமல் ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த வார இறுதியின் மற்ற ஆட்டங்களிலும் இதே கதை. என்ன நடந்தது என்பது, கேலரியில் இருந்த யாரோ செல்போனில் எடுத்த படம் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

தெபாஸ் அவர்களே, இந்த இடத்தில்தான் எனக்கு மனசு விட்டுப்போனது. மியாமி என்பதைக்கூட வியாபாரம் என்று ஒதுக்கியிருப்பேன். ஒவியேதோ கேலரியில் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து அந்த 15 விநாடியை உங்களால் மறைக்க முடியாது. அவர் கண் முன்னால் 22 பேர் நிற்கிறார்கள். மறைக்க முடிந்தது எங்களிடமிருந்துதான். எங்களுக்கு கேமராதான் டிக்கெட், கேமராதான் கேலரி. எங்களுக்காகத்தான் ஆட்டத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோகிறோம் என்று சொன்ன அதே வாரத்தில், அந்த ஒரே கண்ணையும் எங்களுக்கு மூடிவிட்டீர்கள். ரசிகன் என்று கூப்பிட்டீர்கள், நடத்தியதோ விளம்பரத்துக்கு நடுவே ஆட்டம் பார்க்கிற வாடிக்கையாளனைப் போல.

நான்கு நாள் கழித்து, அக்டோபர் 21 இரவு, எல்லாம் ரத்து. ஏற்பாட்டாளர்களான ரெலெவன்ட் நிறுவனம் பின்வாங்கிவிட்டதாக அறிவித்தீர்கள். அதற்கு நீங்கள் பார்த்து வைத்த நேரம் இருக்கிறதே! வியாரெயால் தன் சொந்த மைதானத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டியோடு, ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் செய்தி வருகிறது. இது அவமரியாதை என்று வியாரெயால் பயிற்சியாளர் மார்செலினோ ஆட்டம் முடிந்ததும் சொன்னார். அவர் கோபத்தில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2015 வரைக்கும் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் தங்கள் ஒளிபரப்பு உரிமையைத் தனியாக விற்றுக்கொண்டு பெரும்பங்கை எடுத்துக்கொண்டிருந்தன. அந்த வருடம் வந்த அரசு ஆணைக்குப் பிறகுதான் எல்லாக் கழகத்துக்கும் சேர்த்து ஒரே கூடையில் விற்கத் தொடங்கினீர்கள். சின்னக் கழகங்கள் மூச்சு விட்டது அதனால்தான். இங்கிலாந்து லீக்கின் பணத்தோடு போட்டி போடுவது லேசான காரியமல்ல என்பதும் புரிகிறது. மியாமியை எதிர்த்தவர்களில் ரியல் மாட்ரிட் முன்னால் நின்றது கொள்கைக்காக மட்டும்தானா என்று எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு, போட்டியாளர் பார்சிலோனா அல்லவா. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் சரியான காரணம்.

ஏனென்றால் உங்கள் லீக் கட்டப்பட்டிருக்கும் விதம் அப்படி. 20 அணி, 38 ஆட்டம், உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று. இதில் ஒரு கல்லை உருவினால் கணக்கே மாறிவிடும். மற்ற எதிரணிகள் எல்லாம் வியாரெயால் ஊருக்குப் போய் ஆட வேண்டும், பார்சிலோனா மட்டும் ஆள் நடமாட்டத்தில் பாதிப்பேர் தன் சட்டையைப் போட்டிருக்கும் மியாமியில் ஆடலாம் என்றால் எப்படி? அதிலும் இரண்டு அணிகள் சம புள்ளியில் முடித்தால், நீங்கள் முதலில் பார்ப்பது மொத்த கோல் வித்தியாசத்தை (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) அல்ல, அந்த இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களை.

2006-07 சீசனை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டுமா? ரியல் மாட்ரிட் 76, பார்சிலோனா 76. கோல் வித்தியாசத்தில் பார்சிலோனா 45, மாட்ரிட் 26. கோப்பை மாட்ரிட்டுக்கு. தன் மைதானமான பெர்னபேயுவில் மாட்ரிட் 2-0 என்று ஜெயித்தது, பார்சிலோனாவின் மைதானமான காம்ப் நோவில் 3-3. அந்த 3-3 ஆட்டத்தில் பத்தொன்பது வயது மெஸ்ஸி மூன்று கோல் போட்டதை நான் ஒரு நண்பன் வீட்டில் பார்த்தேன். பார்சிலோனா அன்று தோற்காமல் தப்பித்தது என்று குதித்தோம். மூன்று மாதம் கழித்துதான் அந்த டிரா எவ்வளவு விலை பிடித்தது என்று புரிந்தது. கடைசிக்கு முந்தைய வாரம், ஜூன் 9, காம்ப் நோவில் பார்சிலோனா 2-1 என்று முன்னால் இருக்கிறது. சரகோசாவில் மாட்ரிட் பின்தங்கியிருக்கிறது. மாட்ரிட்டின் வான் நிஸ்டல்ரூய் அங்கே சமன் செய்கிறார். சில விநாடிக்குள் இங்கே அதே ஊர்க்காரர்களான எஸ்பான்யோலின் தமுதோ பந்தை வலைக்குள் தள்ளுகிறார். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு ஊர்களில் ஒரு சீசனே புரண்டு விழுந்தது. அந்தக் காம்ப் நோ ஆட்டத்தை வேறொரு நாட்டில், பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் முன்னால் வைத்திருந்தால், காம்ப் நோவில் அப்போது விழுந்த மௌனம் அங்கே விழுந்திருக்குமா?

வியாரெயால் பற்றியும் ஒரு வார்த்தை. (பல வருடம் அதை ‘வில்லாரியல்’ என்று படித்துக்கொண்டிருந்தேன், ஸ்பானிய வர்ணனை கேட்ட பிறகுதான் நாக்கு திருந்தியது.) ஐம்பதாயிரம் பேர் அளவுக்கு வாழும் ஓடுகள், டைல்ஸ் தொழில் ஊர். 1923-இல் கட்டிய மைதானம், எல் மத்ரிகால் என்று இருந்ததை 2017-இல் அந்தத் தொழிலின் பெயராலேயே ‘செராமிகா’ என்று மாற்றிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு சின்னத் தொழில் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த ஊர் அணி சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடுகிறது என்று வையுங்கள். 2006-இல் இங்கிலாந்தின் ஆர்செனலுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் வியாரெயாலின் ரிக்கல்மே அடித்த பெனால்டியை ஆர்செனல் கோல்கீப்பர் லேமன் தடுத்தது அந்த மைதானத்தில்தான். 2007-08 சீசனில் 77 புள்ளியோடு பார்சிலோனாவை மூன்றாமிடத்துக்குத் தள்ளி இரண்டாவதாக முடித்த ஊர் அது. அந்த ஊர்க்காரனுக்கு வருடத்தில் 19 வீட்டு ஆட்டம். அதில் பார்சிலோனா வருகிற நாள் திருவிழா. பார்சிலோனாவிலிருந்து முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லாத ஊரில் நடக்க வேண்டியதை ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்விட்டு, போக விரும்புகிறவர்களுக்குப் பயண ஏற்பாடு, போகாதவர்களுக்கு சீசன் டிக்கெட்டில் தள்ளுபடி என்றால் அது ஈடாகுமா?

இந்த வலி எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். கால்பந்தில் அல்ல, கிரிக்கெட்டில். 2018 ஏப்ரலில், காவிரிப் போராட்டத்தின்போது, சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் வீட்டு ஆட்டங்கள் சேப்பாக்கத்தில் ஒன்றோடு நின்று புணேவுக்குப் போயின. இரண்டு வருடத் தடை முடிந்து அப்போதுதான் அணி திரும்பியிருந்தது. ஒரு ரயில் நிறைய ரசிகர்களைப் புணேவுக்கு அழைத்துப் போனார்கள். அந்த வருடம் கோப்பையும் கிடைத்தது. ஆனாலும் சேப்பாக்கத்துக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்த என் மாமா மகன் இன்றைக்கும் அந்தக் கோப்பையை அரை மனதாகத்தான் பேசுவான். அங்கே வேறு வழி இல்லாத சூழ்நிலை. உங்களுக்கு அப்படி என்ன நெருக்கடி?

பார்சிலோனா நிர்வாகத்திடமும் ஒன்று கேட்க வேண்டும். அதே சீசனில் நீங்களே வீடில்லாமல் அலைந்தீர்களே. காம்ப் நோ வேலை முடியாமல், செப்டம்பரில் ஆறாயிரம் பேர் மட்டும் உட்காரும் யோஹன் க்ரைஃப் மைதானத்தில் வலென்சியாவோடு ஆடினீர்கள், 6-0 என்று ஜெயித்தாலும் பயிற்சி ஆட்டம் மாதிரி இருந்தது. நவம்பர் 22 அன்று பில்பாவோ நகரத்து அத்லெடிக் கழகத்துக்கு எதிராகக் காம்ப் நோவுக்குத் திரும்பியபோது கேலரியில் எத்தனை பேர் கண் கலங்கினார்கள் என்று டிவியிலேயே தெரிந்தது. அதை உணர்ந்தவர்கள் இன்னொரு கழகத்தின் வீட்டைக் காலி செய்யும் ஒப்பந்தத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள்?

எங்களிடம் வரவே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. 2018 ஜூலையில் உங்கள் லீக்கின் கிரோனா கழகம் கொச்சிக்கு வந்தது. சீசனுக்கு முந்தைய பயிற்சித் தொடர். மழையில் கோவையிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். கேரளா பிளாஸ்டர்ஸை 5-0 என்று பிய்த்து எடுத்தார்கள். அடி வாங்கியது பக்கத்து மாநிலம் என்று பார்க்காமல் கை தட்டினோம். யாருக்கும் அதில் எதுவும் நஷ்டமில்லை. அது முடிந்து சில வாரத்தில், அதே கிரோனாவின் பார்சிலோனா ஆட்டத்தை 2019 ஜனவரியில் மியாமியில் வைக்கப் போவதாக அறிவித்தீர்கள். பார்சிலோனா பின்வாங்க, ஆட்டம் கிரோனாவிலேயே நடந்தது. பிறகு 2019 டிசம்பருக்கு வியாரெயால் - அத்லெத்திகோ மாட்ரிட் என்றீர்கள், நீதிமன்றம் தடுத்தது. இப்போது இது. இன்னொரு முறையும் வருவீர்கள் என்று தெரியும்.

ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வந்தால் உங்கள் பெயரில் வாருங்கள், பணம் வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். எங்கள் பெயரை இழுக்காதீர்கள். எங்களுக்காக ஏதாவது செய்ய வேண்டுமென்றால், செய்ய நிறைய இருக்கிறது. 2018-இலிருந்து மூன்று சீசன் ஃபேஸ்புக்கில் காசில்லாமல் காட்டினீர்கள், அதற்கு நன்றி. 2021-இல் உரிமை வேறு கைக்குப் போனபோது பாட்டு போடும் எம்டிவியில் பார்சிலோனாவைத் தேடிக் கண்டுபிடித்தோம். அடுத்த சீசன் எந்த சேனல், எந்த ஆப் என்று ஆகஸ்ட் முதல் வாரத்திலாவது சொல்லுங்கள். 2017 டிசம்பர் 23 எல் கிளாசிகோவை, அதாவது ரியல் மாட்ரிட் - பார்சிலோனா ஆட்டத்தை, உங்கள் மதியம் 1 மணிக்கு வைத்தீர்கள், எங்களுக்கு மாலை 5.30. மாட்ரிட் 0, பார்சிலோனா 3. என் அப்பா முழுசாகப் பார்த்த ஒரே லா லிகா ஆட்டம் அதுதான். அதற்காக பெர்னபேயுவை யாரும் கப்பலில் ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

2025 டிசம்பர் 21, ஞாயிறு. வியாரெயால் - பார்சிலோனா, செராமிகாவில். பார்சிலோனா 2-0, ரஃபீன்யா பெனால்டி, யமால் ஒன்று. என் மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அவள் ஆட்டத்தைக் கவனிக்கவில்லை. கேலரியில் மஞ்சள் துண்டு போட்டவர்களைக் காட்டும்போதெல்லாம் “அவங்க எல்லாம் அந்த ஊர்க்காரங்களாப்பா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆமாம் என்றேன்.

வீரர்கள் மறுபடியும் எப்போதாவது நின்றால், கேமராவை அவர்கள் மேலேயே வையுங்கள். அந்த 15 விநாடிப் பதிவு உங்களிடம் முழுசாக இருக்கும்தானே? அதையும் ஒரு நாள் போட்டுக் காட்டுங்கள். இரவு ஒன்றரை மணி என்றாலும் பரவாயில்லை, நான் விழித்திருப்பேன்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு ரசிகன்