ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல "சோஷியல் மீடியா வந்தப்புறம் நகரத்துல யாரும் தனியா இல்ல"ன்னு ஒரு வரி வந்திருந்துச்சு. மூணு நாளா அது முள்ளு மாதிரி குத்திட்டே இருக்கு, அதான் எழுதுறேன். இருபது வருஷமா உங்க பத்திரிகையை காசு குடுத்து வாங்குறவ நான், அந்த உரிமையில கேக்குறேன், எழுதினவங்க ஒரு தடவையாவது காலையில ஆறு மணிக்கு ஒரு பார்க்ல போய் உக்காந்து பாத்தாங்களா?

எங்க பார்க்ல மரத்தடியில ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருக்கு. முட்டிவலிக்காரங்க நாங்க மூணு பேர், ரெண்டு ரவுண்டு நடந்துட்டு அதுலதான் உக்காருவோம். போன மாசம் ஒரு பொண்ணும் பையனும் வந்து பெஞ்சுக்கு முன்னாடி ஸ்டாண்டை விரிச்சு போனை மாட்டுனாங்க. "ஆன்ட்டி, ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" மரியாதையாத்தான் கேட்டுச்சு, நானும் எழுந்துட்டேன். ஒரே டான்ஸை ஒம்போது தடவை எடுத்தாங்க, நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு எண்ணிட்டிருந்தேன். கிளம்புறப்ப யாரும் எங்க முகத்தைக்கூட பாக்கல. இப்ப தினமும் யாராவது வர்றாங்க. எங்க மூணு பேர்ல ஒருத்தங்க வர்றதையே நிறுத்திட்டாங்க. யாரும் தனியா இல்லன்னு அவங்ககிட்ட நான் எப்படி சொல்றது?

அந்தப் பிள்ளைங்களை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. எத்தனை பேர் பாத்தாங்கன்னு நம்பர் போட்டு காட்டிட்டே இருந்தா யாருக்குத்தான் ஆசை வராது, அந்த ஆப்புங்க கட்டப்பட்டிருக்குறதே அப்படித்தானே. முடிவே இல்லாம கீழ தள்ளிட்டே போற அந்த ஸ்க்ரோலை 2006ல உருவாக்கின ஆசா ராஸ்கின், அதை நினைச்சு வருத்தப்படுறதா அவரே வெளிப்படையா பேசியிருக்கார். பாரிஸ்ல ரூ க்ரெமியூன்னு கலர் கலரா வீடு இருக்குற ஒரு சின்னத் தெரு. வீட்டு வாசல்லயே போட்டோவும் வீடியோவும் எடுக்க கூட்டம் குவிஞ்சதுல, சாயங்காலமும் வார இறுதியிலயும் தெருவை கேட் போட்டு மூடுங்கன்னு அங்க குடியிருக்குறவங்க 2019ல கேட்டாங்க. சொந்த வீட்டு ஜன்னலைத் திறக்க யோசிக்க வேண்டியிருந்தா அது என்ன வாழ்க்கைத்தரம் சார்? இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்ல, தெரிஞ்சும் அந்தக் கட்டுரையில ஒரு வார்த்தை இல்லையேன்னுதான் வருத்தம்.

நல்லதே இல்லன்னு சொல்லல. அவசரமா ரத்தம் வேணும்னு எங்க குரூப்ல போட்ட ஒரே மெசேஜ்ல நாலு பேர் ஓடி வந்ததை நானே பாத்திருக்கேன். ஆனா அதே குரூப்ல எங்க பிளாக்ல இருக்குறவங்க தினமும் குட்மார்னிங் போடுறாங்க, லிஃப்ட்ல நேர்ல பாத்தா தலையைக் குனிஞ்சு போனைப் பாக்குறாங்க.

இன்னொன்னும் சொல்லணும், இது நேரா உங்க மேல உள்ள குறை. முன்னாடி "இன்றைய நிகழ்ச்சிகள்"னு ஒரு பத்தி போடுவீங்க, நூலகக் கூட்டம், கண் சிகிச்சை முகாம், கச்சேரின்னு இடமும் நேரமும் இருக்கும். அதைப் பாத்துத்தான் வாரத்துல ஒரு நாளாவது நான் வெளிய கிளம்புவேன். இப்ப அந்த இடத்துல "விவரங்களுக்கு எங்கள் பக்கத்தைப் பின்தொடருங்கள்"னு கட்டம் கட்டமா ஒரு படம், அதை ஸ்கேன் பண்ணணுமாம். சரின்னு பேத்தியை விட்டு ஸ்கேன் பண்ணி, இன்ஸ்டாகிராம்ல உங்க பக்கத்தைப் பின்தொடர ஆரம்பிச்சேன். ஆனா அங்க பதிவுகளைத் தேதி வரிசையில காட்டுறதை 2016லயே மாத்திட்டாங்க, நமக்கு எது பிடிக்கும்னு அதுவா கணக்குப் போட்டு முன்னாடி கொண்டுவருது. 2022ல தேதிப்படி பாக்க ஒரு வசதி திரும்ப வந்துச்சு, ஆனா நாமளா தேடிப்போய் அழுத்தணும். இது தெரியாம முட்டிவலிக்கான இலவச முகாம் பத்தின உங்க அறிவிப்பு என் கண்ணுல பட்டப்ப முகாம் முடிஞ்சு ரெண்டு நாள் ஆயிருந்துச்சு. அதுக்கு மேல ஒரு சமையல் வீடியோ, ஒரு நாய்க்குட்டி, ஒரு கல்யாண ஃபோட்டோஷூட். பத்திரிகையிலயும் எங்களைத் தள்ளிக்கோங்கன்னு சொல்லிட்டீங்களேன்னு நிஜமாவே அழுகை வந்துருச்சு.

கடிதப் பகுதியை முழுப் பக்கத்துலேர்ந்து கால் பக்கமா சுருக்கினப்பவும் நான் எழுதினேன், பதில் வரல. பரவாயில்ல. கட்டுரைக்கு மறுப்பு போடுங்கன்னு கேக்கல. அந்த நிகழ்ச்சிப் பத்தியை மட்டும் பழையபடி அச்சுல போடுங்க, பத்து வரி போதும். தேதி, நேரம், எந்த இடம், அவ்வளவுதான். எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போட்டீங்கன்னா, கத்தரிச்சு எங்க பெஞ்சுக்கு வராம நின்னுட்டவங்க வீட்டுல கொண்டுபோய் குடுத்துருவேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி