கேமார்ட்டை வீழ்த்தியது இணையமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மலிவு விலைக் கடைகளான கேமார்ட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இணைய வணிகம்தான் அந்தக் கடைகளைச் சாய்த்தது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. கேமார்ட் திவால் மனு கொடுத்தது 2002 ஜனவரியில். அந்தத் தேதி வரை அமேசான் ஒரு முழு ஆண்டுகூட லாபம் பார்த்ததில்லை. அதன் முதல் லாப ஆண்டே 2003தான்.

கேமார்ட்டின் தொடக்கம் துணிச்சலானது. எஸ்.எஸ். கிரெஸ்கி 1899இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய ஐந்து சென்ட், பத்து சென்ட் கடைகள்தான் அதன் வேர். 1950களில் அந்த வியாபாரம் மங்கத் தொடங்கியபோது, ஹாரி கன்னிங்ஹாம் என்ற அதிகாரி ஊர் ஊராகப் போய் நிறுவனத்தின் கடைகளையும் போட்டிக் கடைகளையும் நேரில் பார்த்தார். முன்பு பத்திரிகை நிருபராக இருந்தவர். பார்த்துக் கேட்டு எழுதும் பழக்கம் கைகொடுத்திருக்க வேண்டும். 1959இல் தலைவரானார். 1962 மார்ச்சில் மிச்சிகனின் கார்டன் சிட்டியில் முதல் கேமார்ட் திறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 18 கடைகள். போட்டிக் கடைகளான டார்கெட், வால்மார்ட் இரண்டும் பிறந்ததும் அதே 1962இல்தான். மூன்றில் வேகமாக வளர்ந்தது கேமார்ட்.

பிறகு என்ன ஆயிற்று? 1980களில் வால்மார்ட் ஒவ்வொரு கடையின் விற்பனையையும் செயற்கைக்கோள் வழியே தலைமையகத்துக்குக் கொண்டுவந்து, எந்தக் கடைக்கு எந்தச் சரக்கு எப்போது போக வேண்டும் என்பதைக் கணக்கிட்டது. கேமார்ட்டோ புத்தகக் கடை, விளையாட்டுச் சாமான் கடை, அலுவலகப் பொருள் கடை என்று வேறு நிறுவனங்களை வாங்கிக்கொண்டிருந்தது. சொந்தக் கடைகள் பழசாகிக் கிடந்தன. விளம்பரத்தில் போட்ட பொருளைத் தேடி வந்தவருக்கு அலமாரி காலியாக இருந்தது. மலிவு விலைக் கடைக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது. 1990 வாக்கில் வால்மார்ட் விற்பனையில் முந்திவிட்டது. வாங்கிய நிறுவனங்களை 90களின் நடுவில் விற்றார்கள், ஆனால் காலம் கடந்திருந்தது.

திவாலுக்குப் பின் சுமார் 600 கடைகள் மூடப்பட்டன. கேமார்ட்டின் கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்த எட்டி லாம்பர்ட் என்ற முதலீட்டாளரின் கைக்கு 2003இல் நிறுவனம் வந்தது. அடுத்த ஆண்டே பல கடை இடங்கள் ஹோம் டிப்போ, சியர்ஸ் என்ற வேறு சங்கிலிக் கடைகளுக்கு விற்கப்பட்டன. பங்கு விலை மளமளவென்று ஏறியது. 2005இல் சியர்ஸோடு இணைப்பு, 2018இல் மறுபடியும் திவால். இடையில் கடைகளைச் சீர்ப்படுத்தச் செலவிட்ட பணம் மிகக் குறைவு. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். காலையில் வந்து அலமாரி அடுக்கிய ஊழியர்களின் பிழைப்பு, நிலத்தின் விலைக்குக் கீழே போய்விட்டது. இதையெல்லாம் இணையத்தின் மேல் போட்டுவிட்டால், முடிவெடுத்தவர்களை யாருமே கேள்வி கேட்க மாட்டார்கள்.

கட்டுரையாளர் இன்னொன்றையும் சேர்த்திருக்கலாம். 1969இல் மெல்பர்னின் பர்வுட் பகுதியில், கோல்ஸ் என்ற ஆஸ்திரேலியக் கடை நிறுவனத்தோடு கூட்டாக ஒரு கேமார்ட் திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் அந்தச் சங்கிலி இன்று வெஸ்ஃபார்மர்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதே பெயர், அதே மலிவு விலை, அங்கேயும் இணையப் போட்டி உண்டு. கடைகளில் கூட்டம் குறையவில்லை. தொடரின் அடுத்த பகுதியில் அதைப் பற்றியும் எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஈரோடு