மல்லிகைத் தைலம் சேர்க்கும் மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கூந்தல் எண்ணெயிலும் முகக்கிரீமிலும் மல்லிகை மணம் சேர்த்து விற்கும் சகோதரிகளுக்கு வணக்கம்.

முதலில் நீங்கள் வாங்கும் புட்டி. ‘ஆவியில் வடித்த சுத்த மல்லிகை எசென்ஷியல் ஆயில்’ என்றிருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ஆவியின் சூட்டில் மல்லிகை மணம் கெட்டுவிடும். அதனால்தான் சத்தியமங்கலம் பக்கத்து ஆலைகளில் பூவை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவிட்டு மெழுகு போன்ற ‘காங்கிரீட்’ எடுக்கிறார்கள். அதை எரிசாராயத்தில் கழுவி, சாராயத்தை நீக்கினால் கிடைக்கும் அடர் தைலம்தான் ‘அப்சல்யூட்’. ஆயிரம் கிலோ பூவுக்கு அது ஒன்றரைக் கிலோ தேறினாலே பெரிது. நூறு ரூபாய்க்கு 10 மில்லி கொடுத்தால் அது செயற்கை வாசனைதான். அதைச் சேர்ப்பது குற்றமில்லை, மல்லிகைத் தைலம் என்று லேபிள் ஒட்டாதவரை.

அசல் சரக்கு செம்பழுப்பாக, கொழகொழவென்று இருக்கும். சொட்டு எண்ணிப் போட்டால் ஒரு தடவைக்கு ஒரு அளவு விழும். நகை எடை போடும் சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கூந்தல் எண்ணெய்க்கு 3 கிராம் போதும். அதை நேராகக் கொட்டினால் அடியில் தங்கும். முதலில் 27 கிராம் எண்ணெயில் நன்றாகக் கலக்கி, பிறகு மீதி 970 கிராமில் ஊற்றுங்கள். கறிவேப்பிலை, வெந்தயம் காய்ச்சிய எண்ணெயானால் சலசலப்பு முழுக்க அடங்கியதும் வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின்தான் சேர்க்கணும். அடுப்பிலேயே போட்டால் மேல்மணம் பறந்துவிடும், காசும்தான். பச்சைப் பூவை அப்படியே எண்ணெயில் ஊறப்போடும் பழக்கம் வேண்டாம்; பூவின் ஈரம் தங்கி எண்ணெய் கெட்டுப்போகும்.

முகக்கிரீமுக்கு இன்னும் குறைவு: கிலோவுக்கு 1 கிராம். வெள்ளைக் கிரீம் சில வாரத்தில் பழுப்பேறினால் பதறாதீர்கள். மல்லிகையிலுள்ள இண்டோல் என்ற மணப்பொருள் செய்கிற வேலை அது. வாடையும் மாறியிருந்தால் கெட்டுப்போனது.

பன்னீரில் நாலு சொட்டு விட்டுக் குலுக்கித் தெளிப்பதை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். தைலம் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, கலப்பில்லாமலே கன்னத்தில் படும். அரிப்பும் தடிப்பும் இப்படி ஆரம்பிக்கலாம். தைலத்தைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் பாலிசார்பேட் 20 சேர்க்க முடியாவிட்டால் அந்தச் சரக்கே வேண்டாம்.

புதுத் தயாரிப்பை முழங்கை மடிப்பின் உட்புறம் தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லி லேபிளில் எழுதுங்கள். ‘முடி கொட்டுவது நிற்கும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். மல்லிகை தருவது மணம்தான். விற்பனைக்குத் தயாரிக்க அழகுசாதன விதிகள் 2020-இன்படி உரிமம் வேண்டும். தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) காலாவதி மாதமும் புட்டியில் இருக்கணும்.

இப்படிக்கு,
நறுமணத் தொழிலில் இருப்போர்