காபா காந்தியின் வீடு

அன்பு நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பேரனுக்குத் தங்கள் தந்தையாரின் பெயரையே சூட்டியிருப்பது அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மகனுக்கு மாற்றலாகி நாங்களும் ராஜ்கோட்டுக்கு வந்துவிட்டபடியால், காந்தி பிறந்த வீட்டைப் பார்த்தாயிற்றா என்று கேட்டிருந்தீர்கள். போர்பந்தருக்குப் போய் வந்தோம். ஆனால் மனத்தில் தங்கியது அந்த வீடன்று, இதே ஊரில் அவர் வளர்ந்த வீடுதான்.

போர்பந்தர் வீடு அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஹர்ஜீவன் காந்தி 1777இல் வாங்கியது. அதையொட்டித் தொழிலதிபர் நான்ஜி காளிதாஸ் மேத்தா எழுப்பிய கீர்த்தி மந்திர் என்ற நினைவகத்தை 1950இல் வல்லபாய் படேல் திறந்து வைத்தார். காந்தி வாழ்ந்த ஆண்டுகளுக்கு ஈடாக அதன் உயரம் 79 அடி என்கிறார்கள். காந்தி கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பிறந்த இடத்தைத் தரையில் ஒரு சுவஸ்திகத்தால் குறித்திருக்கிறார்கள். அங்கே கும்பிடத் தோன்றுகிறதே தவிர, யோசிக்க எதுவும் இல்லை.

ராஜ்கோட் வீடு அப்படியன்று. காபா காந்தி என்று அழைக்கப்பட்ட தந்தை கரம்சந்த், இச்சமஸ்தானத்தில் திவானாக இருந்த காலத்தில், 1880-81இல் எழுந்த வீடு அது. பழைய நகரின் நெரிசலுக்குள், வளைவு வாயிலைக் கடந்ததும் முற்றமும் அறைகளும் வருகின்றன. காந்தியின் வாழ்க்கையைப் படங்களாக மாட்டி வைத்திருக்கிறார்கள். படங்களை நான் வேகமாகவே கடந்துவிட்டேன். அந்தச் சுவர்களுக்குள் நடந்ததாக அவரே சுயசரிதையில் எழுதி வைத்திருப்பவைதான் என்னை நிறுத்தின.

அண்ணன் பட்ட இருபத்தைந்து ரூபாய்க் கடனை அடைக்க, அந்த அண்ணனின் தங்கக் காப்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எடுத்தபோது அவருக்கு வயது பதினைந்து. மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நோயுற்று வெறும் மரப்பலகையில் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். எழுந்து உட்கார்ந்து படித்த தந்தை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. கண்ணீர் தாளை நனைக்க, கண்ணை மூடிச் சற்று யோசித்துவிட்டு, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். அகிம்சையில் தமக்குக் கிடைத்த கண்கூடான பாடம் என்று காந்தி குறிப்பிடுவது இதைத்தான்.

அந்தத் தந்தை 1885இல் இறந்த இரவும் உண்டு. கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த மகனைச் சிற்றப்பா விடுவித்து அனுப்ப, அவர் கருவுற்றிருந்த மனைவியின் அறைக்குப் போன சில நிமிடங்களில் வேலைக்காரர் கதவைத் தட்டினார். அந்த வெட்கத்தைத் தம்மால் என்றுமே துடைக்க முடியவில்லை என்று எழுதியவர் அவரேதான். தலைவர்களின் வீடுகளைப் பாதுகாக்கும்போது நாம் பெரும்பாலும் தொட்டிலையும் கைத்தடியையும் தேடுகிறோம். வீட்டுக்காரரே தம் தவறுகளை இவ்வளவு விவரமாக ஒப்படைத்துவிட்டுப் போன வேறொரு நினைவில்லம் எனக்குத் தெரியவில்லை. எந்த அறையில் எது நடந்தது என்று நான் அங்கிருந்தவர்களிடம் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால் அதையும் ஒரு சுவஸ்திகமாகவே பார்த்திருப்பேன்.

1888இல் காந்தி லண்டனுக்குப் புறப்படும் முன், மதுவையும் மாதரையும் மாமிசத்தையும் தொடுவதில்லை என்று சமணத் துறவி பெச்சார்ஜி சுவாமியின் முன்னிலையில் சபதம் செய்த பிறகே தாயார் புத்லிபாய் விடை கொடுத்தார். மகன் திரும்பி வருவதற்குள் அவர் இறந்துபோனார். அந்த அம்மையாரைப் பற்றி இன்னும் அதிகமாக அங்கே சொல்லியிருக்கலாம் என்பது என் மனைவியின் குறை. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

காந்தி படித்த ஆல்ஃபிரட் உயர்நிலைப் பள்ளியை 2018இல் அருங்காட்சியகமாக மாற்றிவிட்டார்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

மார்கழியில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே அப்போது குளிர் இருக்கும், ஒரு கம்பளி எடுத்து வாருங்கள். சுயசரிதையின் முதல் பாகத்தை மட்டுமாவது ரயிலில் படித்துவிடுங்கள். முதலில் இந்த வீட்டுக்கும், அதன் பிறகு போர்பந்தருக்கும் போவோம்.

அன்புடன்,
தங்கள் நண்பன்