உயரத்தைக் கடைசியாக எழுதுங்கள்

அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் அணிகளுக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்ட் (புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நெருங்கும்போது, ஓர் இளம் வீரரின் பெயருக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது அவருடைய உயரமே. பந்தை அவர் என்ன செய்வார் என்ற கேள்வி அதற்குப் பிறகே எழுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

உயரத்தால் பயனில்லை என்று வாதிட நான் வரவில்லை. வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும் வரை, அதற்கு அருகில் கையைக் கொண்டுபோகக்கூடியவருக்கு அனுகூலம் இருந்தே தீரும். 6 அடி 10 அங்குல உயரமுள்ள ஜார்ஜ் மைக்கனின் ஆதிக்கத்தைத் தணிப்பதற்காக 1951-இல், தாக்கும் வீரர் நீண்ட நேரம் நிற்கக் கூடாத வளையத்தடிப் பகுதியின் அகலம் 6 அடியிலிருந்து 12 அடியாக்கப்பட்டது. வில்ட் சேம்பர்லின் கோலோச்சிய காலத்தில், 1964-இல், அதுவே 16 அடியாயிற்று. உடலளவு பொருட்டே இல்லையென்றால் ஆடுகளத்தின் கோடுகளை இரண்டு முறை அழித்து வரைந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அதே சேம்பர்லின், 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகளைக் குவித்து, அந்தப் பருவம் முழுவதற்கும் ஆட்டத்துக்கு 50.4 என்ற சராசரியை வைத்திருந்தும், கோப்பை பாஸ்டன் அணிக்கே போயிற்று. பாஸ்டனின் நடுவில் நின்ற பில் ரசலும் நெடியவர்தாம். எனினும் சேம்பர்லினைவிடச் சில அங்குலம் குறைந்தவர். எதிராளி எறிந்த பந்தைக் கூட்டத்துக்குள் அறைந்து கைதட்டல் வாங்குவதில் அவருக்கு நாட்டமில்லை. களத்துக்குள்ளேயே தன் அணியினர் கைக்குப் போகும்படி அதை மெல்லத் தட்டிவிடுவார், அடுத்த கணமே பாஸ்டன் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். தடுக்கும் கைக்கு உயரம் தேவை என்பது சரி. எந்தப் பக்கம் தட்டுவது என்பதை உயரம் சொல்லித் தராது. 13 பருவங்களில் 11 கோப்பைகளை அவர் வென்றார்.

உங்கள் துறையின் அண்மைக்கால நினைவுக்கு வருவோம். 2009 டிராஃப்டில் 7 அடி 3 அங்குல உயரமுள்ள ஹஷீம் தபீத் இரண்டாவதாகத் தேர்வானார். அவரைவிட மிகக் குட்டையான ஸ்டீஃபன் கரி ஏழாவதாக. தபீத்தின் என்.பி.ஏ. வாழ்க்கை சில பருவங்களிலேயே முடிந்தது. அதற்கு அவரைக் குறை கூறுவது முறையன்று. ஓர் அளவுநாடா தந்த வாக்குறுதியை அவர் நிறைவேற்ற வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களே அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கரியோ 2015-16 பருவத்தில் மட்டும் 402 மூன்று புள்ளி எறிதல்களை வளையத்தில் சேர்த்தார். நான்கு கோப்பைகளை வென்ற அணிக்கு அச்சாணியாக இருந்தார்.

இதன் சூட்சுமம் ஸ்கிரீனில் இருக்கிறது. ஒரு சக வீரர் வந்து நின்று கரியின் காவலரை மறிக்கிறார். கரி அந்தச் சக வீரரின் தோளை உரசியபடி 23 அடி 9 அங்குல மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வெளிப்படுகிறார். அப்போது எதிரணியின் நெடிய சென்டர் (வளையத்தருகே ஆடும் பெரிய வீரர்) வளையத்தடியிலேயே நின்றால் எறிதலுக்கு இடம் கொடுத்தவராகிறார். ஏறி வந்தால், விரைவாகப் பக்கவாட்டில் நகர முடியாத கால்களோடு வெட்டவெளியில் மாட்டிக்கொள்கிறார். பிளேஆஃபில் (கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகளில்) ஒரே எதிரணி ஏழு ஆட்டங்கள் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யும் என்பதால், ஒளிந்துகொள்ள வழியில்லை.

குட்டையான வீரருக்கும் இதே கதிதான், திசை மட்டும் வேறு. 5 அடி 9 அங்குல உயரமுள்ள ஐசையா தாமஸ், 2011 டிராஃப்டில் கடைசியாக, 60-ஆவதாக அழைக்கப்பட்டவர், 2016-17-இல் ஆட்டத்துக்கு 28.9 புள்ளிகள் எடுத்தார். ஆயினும் பந்து எதிரணியிடம் இருக்கும்போது, தங்களில் பெரியவர் ஒருவரை அவர்மீது ஏவுவதையே எதிராளிகள் உத்தியாக்கினார்கள். 2020-இல் ஹியூஸ்டன் அணி தன் சென்டரை வேறு அணிக்கு மாற்றிவிட்டு, 6 அடி 5 அங்குல பி.ஜே. டக்கரை அவ்விடத்தில் நிறுத்தித் துணிந்து ஆடியது. நெடியவர்களான அந்தோணி டேவிஸும் லெப்ரான் ஜேம்ஸும் இருந்த லேக்கர்ஸ் அணியிடம் ஐந்தே ஆட்டங்களில் வெளியேறியது. திறமையை ஆதரிப்போர் (நானும் அதில் ஒருவன்) இந்தத் தோல்வியைக் கண்டும் காணாமல் கடந்துபோகக் கூடாது.

ஆகவே, ஆறரை அடியையொட்டிய உயரம் பெரும்பாலானோர்க்கு உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு. உள்ளே வந்தபின் வெற்றியை முடிவு செய்வது திறமையே. நிக்கோலா யோக்கிச்சைப் பாருங்கள். 6 அடி 11 அங்குலம் இருந்தும் 2014-இல் 41-ஆம் இடம் வரை அவரை எவரும் அழைக்கவில்லை. உயரத்துக்குத் தாவாத, மெதுவாக ஓடும் அந்த மனிதர் பாஸ் கொடுக்கும் கண்ணாலேயே மூன்று முறை சிறந்த வீரர் விருதையும் 2023-இல் டென்வருக்குக் கோப்பையையும் வென்றார்.

எனவே உங்கள் அறிக்கைகளில் முதல் வரியில் எழுத வேண்டியது இது: பிளேஆஃபின் கடைசி ஐந்து நிமிடங்களில் இவரைக் களத்திலிருந்து வெளியேற்ற எதிரணி எதைச் செய்யும், அதற்கு இவரிடம் என்ன பதில் இருக்கிறது? நெடியவரென்றால் கோட்டுக்கு வெளியே இழுக்கப்படும்போது அவர் கால்கள் என்ன செய்கின்றன என்றும், குட்டையானவரென்றால் பெரியவர் முதுகால் நெருக்கித் தள்ளும்போது அவர் எத்தனை நொடி தாக்குப்பிடிக்கிறார் என்றும் பார்த்து எழுதுங்கள். உயரம் கடைசி வரியில் இருக்கட்டும்.

மரியாதையுடன்,
ஒரு கூடைப்பந்து ரசிகன்